புகார் கொடுத்த பிறகு வரும் அந்த ஒரு ஃபோன் கால்

வேலை கிட்டத்தட்ட உறுதியாகிவிட்ட மாதிரிதான். மூன்று சுற்று நேர்காணல் முடிந்துவிட்டது, சம்பளம்கூடப் பேசியாகிவிட்டது. "உங்கள் பழைய கம்பெனியில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் சொல்கிறோம்" என்கிறார்கள். சரி என்று தலையாட்டிவிட்டு வருகிறீர்கள். அதற்குப் பிறகு அந்தப் பக்கமிருந்து சத்தமே இல்லை. ஒரு வாரம் கழித்து நீங்களே மெயில் அனுப்பினால், "வேறொருவரைத் தேர்ந்தெடுத்துவிட்டோம், வாழ்த்துகள்" என்று இரண்டு வரி பதில் வருகிறது.

உங்கள் பழைய மேனேஜர் அந்த அழைப்பில் என்ன சொன்னார் என்பது உங்களுக்குத் தெரியப் போவதில்லை. அவர் உங்களைத் திட்டியிருக்க வேண்டும் என்றுகூட இல்லை. "அவரைத் திரும்ப வேலைக்கு எடுப்பீர்களா?" என்று கேட்டபோது இரண்டு விநாடி பேசாமல் இருந்துவிட்டு, "அது பற்றி நான் எதுவும் சொல்ல விரும்பவில்லை" என்றிருந்தாலே போதும். கேட்பவர்களுக்கு அதற்குமேல் தேவைப்படாது. நீங்கள் அந்த மேனேஜர் மீது நிறத்தை வைத்தோ பெண் என்பதை வைத்தோ பாகுபாடு காட்டினார் என்று புகார் கொடுத்துவிட்டு வெளியே வந்தவராக இருந்தால், அந்த இரண்டு விநாடி மௌனத்துக்கு ஒரு சட்டப் பெயர் இருக்கிறது. அமெரிக்காவில் ரிட்டாலியேஷன் என்கிறார்கள், பிரிட்டனில் விக்டிமைசேஷன். தமிழில் சொன்னால் பழிவாங்கல். வயிற்றில் அடிப்பது என்று நம் ஊரில் சொல்வார்களே, இதற்கு அதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தெரியவில்லை.

இந்த விஷயத்தில் அமெரிக்கச் சட்டம் எப்படி வளர்ந்தது என்று பார்த்தால்தான் சிக்கல் எங்கே இருக்கிறது என்று புரியும், அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன். 1964-இன் குடிமை உரிமைகள் சட்டத்தின் ஏழாவது அத்தியாயம் (டைட்டில் செவன் என்பார்கள்) 15 பேருக்குக் குறையாத நிறுவனங்களில் இனம், நிறம், மதம், பால், பூர்வீக நாடு ஆகியவற்றை வைத்துப் பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது. அதே சட்டத்தின் 704-ஆவது பிரிவு இன்னொன்றும் சொல்கிறது: இப்படி ஒரு பாகுபாட்டை எதிர்த்ததற்காகவோ, புகார் கொடுத்ததற்காகவோ, விசாரணையில் சாட்சி சொன்னதற்காகவோ ஓர் ஊழியரைத் தண்டிக்கக் கூடாது. புகார்களை வாங்குவதற்குச் சம வேலைவாய்ப்பு ஆணையம் என்று ஒன்று இருக்கிறது, ஈஈஓசி என்று சுருக்கமாகச் சொல்வார்கள்.

அந்த ஆணையத்துக்கு 2020 நிதியாண்டில் வந்த புகார்கள் 67,448. அவற்றில் 37,632 புகார்களில், அதாவது 55.8 சதவீதத்தில், பழிவாங்கல் என்ற குற்றச்சாட்டு இருந்தது. ஒரே புகாரில் பல குற்றச்சாட்டுகள் இருக்கலாம் என்பதால் இதை மற்றவற்றோடு கூட்டிப் பார்க்க முடியாது. ஆனாலும் இனப் பாகுபாட்டைவிட, பால் பாகுபாட்டைவிட, வேறெதையும்விட அதிகமாக மக்கள் சொல்கிற குறை இதுதான். அந்த ஓர் ஆண்டில் மட்டும் அப்படி ஆகிவிடவில்லை, பத்தாண்டுக்கும் மேலாகப் பட்டியலில் முதலிடம் இதற்குத்தான். எனக்கு இந்த எண்ணைப் பார்க்கும்போதெல்லாம் தோன்றுவது ஒன்றுதான்: பாகுபாட்டைத் தடுக்கிற சட்டம் ஒரு நாட்டில் வேலை செய்கிறதா இல்லையா என்பது புகார் கொடுக்கிற நாளில் தெரியாது, அதற்கு மறுநாள் காலை அந்த ஆள் அலுவலகத்துக்குள் நுழையும்போதுதான் தெரியும்.

ஷெல் எண்ணெய் நிறுவனத்தில் வேலை பார்த்த ராபின்சன் என்பவரை 1991-இல் வேலையை விட்டு நீக்கினார்கள். இனத்தின் காரணமாகத்தான் நீக்கினார்கள் என்று அவர் ஈஈஓசியில் புகார் கொடுத்தார். புகார் நிலுவையில் இருக்கும்போதே வேறொரு கம்பெனியில் வேலைக்கு முயன்றார். அந்தக் கம்பெனி ஷெல்லைத் தொடர்புகொண்டு விசாரித்தது. ஷெல் அவரைப் பற்றி மோசமாகச் சொன்னது, புகார் கொடுத்ததற்காகவே அப்படிச் சொன்னது என்பது அவருடைய வழக்கு.

கேட்டால் நேரான வழக்கு மாதிரி தெரியும். ஆனால் கீழ் நீதிமன்றம் உள்ளே போகவே விடவில்லை. காரணம் ஒரே ஒரு சொல். 704-ஆவது பிரிவு "ஊழியர்களை" பழிவாங்கக் கூடாது என்கிறது, ராபின்சனோ அப்போது ஊழியர் இல்லை, முன்னாள் ஊழியர். ஆகவே சட்டம் அவரைக் காப்பாற்றாது என்று தள்ளுபடி செய்துவிட்டார்கள். மேல்முறையீட்டில் மூன்று நீதிபதிகள் அமர்வு அவர் பக்கம் நின்றது, ஆனால் அதே நீதிமன்றத்தின் முழு அமர்வு அதை மாற்றி மறுபடி தள்ளியது. கடைசியில் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது.

1997 பிப்ரவரியில் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக ராபின்சனுக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னார்கள். எழுதியவர் கிளாரன்ஸ் தாமஸ். 1982-இலிருந்து 1990 வரை அதே ஈஈஓசிக்குத் தலைவராக இருந்தவர், மிகவும் பழமைவாத நீதிபதி என்று பெயர் வாங்கியவர், அவரே எழுதினார் என்பதைக் குறித்து வைத்துக்கொள்ளலாம். அவர் காட்டிய வாதம் எளிமையானது. அதே சட்டத்தின் இன்னொரு பிரிவு, ஊழியர்களை "மீண்டும் பணியில் அமர்த்த" நீதிமன்றம் உத்தரவிடலாம் என்கிறது. மீண்டும் பணியில் அமர்த்துவது என்றால் வேலை போனவரைத்தானே அமர்த்த முடியும்? அப்படியானால் அந்த இடத்தில் ஊழியர் என்ற சொல் முன்னாள் ஊழியரையும் சேர்த்துத்தானே சொல்கிறது? ஆகவே சொல் ஒரே அர்த்தத்தில் நிற்கவில்லை, சட்டத்தின் நோக்கத்தைப் பார்த்துத்தான் பொருள் கொள்ள வேண்டும். நோக்கத்தைப் பார்த்தால் விஷயம் வெட்டவெளிச்சம். முன்னாள் ஊழியருக்குப் பாதுகாப்பு இல்லை என்று வைத்துக்கொண்டால், புகார் கொடுக்கக்கூடியவர் என்று சந்தேகம் வந்தவுடனே ஆளை வெளியே அனுப்பிவிடுவதுதான் முதலாளிக்கு லாபம் என்றாகிவிடும். வேலையை விட்டு நீக்கியதற்கு எதிராகவே புகார் கொடுக்க உரிமை இருக்கும்போது, அப்படிப் புகார் கொடுக்கிற அத்தனை பேரும் முன்னாள் ஊழியர்கள்தான், அவர்களில் ஒருவருக்குக்கூடப் பழிவாங்கலிலிருந்து பாதுகாப்பு இருக்காது.

கவனியுங்கள், ராபின்சன் ஜெயித்தது வழக்கைத் தொடர்ந்து நடத்துகிற உரிமையை மட்டும்தான். ஷெல் உண்மையில் பழிவாங்கியதா என்று உச்ச நீதிமன்றம் முடிவு செய்யவில்லை, அது கீழே திரும்பிப் போனது. 1991-இல் வேலை போனவருக்கு, "நீ வழக்குப் போடலாம்" என்று சொல்ல 1997 ஆனது.

சரி, மோசமான ரெஃபரன்ஸ், அதாவது பழைய கம்பெனி உங்களைப் பற்றிச் சொல்கிற அபிப்பிராயம், பழிவாங்கல்தான் என்று ஆகிவிட்டது. அடுத்த கேள்வி, எவ்வளவு மோசமாக இருந்தால் அது சட்டத்தின் கண்ணில் படும்? இதற்கு 2006-இல் ஒரு பதில் வந்தது. அது ரெஃபரன்ஸ் பற்றிய வழக்கே இல்லை, ஆனால் இன்றைக்கு எல்லாப் பழிவாங்கல் வழக்கும் அதைத் தொட்டுத்தான் போகிறது. மெம்ஃபிஸ் நகரில் பர்லிங்டன் நார்தர்ன் ரயில் நிறுவனத்தின் யார்டில், தண்டவாளப் பராமரிப்புப் பிரிவில் ஒரே ஒரு பெண் இருந்தார், ஒயிட் என்று பெயர். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுவது அவருடைய வேலை. பெண்கள் இந்தப் பிரிவில் வேலை செய்யக் கூடாது என்று மேற்பார்வையாளர் திரும்பத் திரும்பச் சொல்கிறார் என்று புகார் கொடுத்தார். நிறுவனம் அந்த மேற்பார்வையாளரைப் பத்து நாள் இடைநீக்கம் செய்தது. அதே கையோடு ஒயிட்டை ஃபோர்க்லிஃப்டிலிருந்து இறக்கி, தண்டவாளத்தில் சாதாரணக் கூலி வேலைக்குப் போட்டது. சம்பளம் அதேதான். பதவியின் பெயரும் அதேதான். ஆனால் வெயிலில் கனமான ரயில் சாமான்களைத் தூக்குகிற அழுக்கு வேலை. அவர் ஈஈஓசிக்குப் போனார். சில நாளிலேயே மேலதிகாரி சொன்னதைக் கேட்கவில்லை என்று சொல்லிச் சம்பளமில்லாமல் இடைநீக்கம் செய்தார்கள். 37 நாள். பிறகு நிறுவனத்தின் உள் விசாரணையிலேயே அவர் மீது தப்பில்லை என்று தெரிந்து, திரும்ப எடுத்துப் பாக்கிச் சம்பளத்தையும் கொடுத்துவிட்டார்கள்.

பணம்தான் வந்துவிட்டதே, என்ன நஷ்டம் என்று நிறுவனம் வாதாடியது. நீதிமன்றம் ஏற்கவில்லை. ஒரு சராசரி மனிதர், அவருக்கும் குடும்பம் குட்டி இருக்கும், 37 நாள் சம்பளமே வராமல், திரும்ப வேலை கிடைக்குமா என்றும் தெரியாமல் இருந்தால், அடுத்த தடவை புகார் கொடுக்க வாய் திறப்பாரா? இதுதான் அளவுகோல். நிறுவனம் செய்த காரியம், நியாயமான ஓர் ஊழியரைப் புகார் கொடுக்க விடாமல் தடுக்கக்கூடியதா என்று பார்க்க வேண்டும், அது பணியிடத்துக்கு உள்ளே நடந்ததா வெளியே நடந்ததா என்பது முக்கியமில்லை. மதிய உணவுக்குக் கூப்பிடாமல் விடுவது சாதாரண விஷயமாக இருக்கலாம், ஆனால் வாராவாரம் நடக்கிற பயிற்சிச் சாப்பாட்டுக்கு ஒருவரை மட்டும் கூப்பிடாவிட்டால் அது அவருடைய முன்னேற்றத்தையே தடுக்கலாம் என்று தீர்ப்பில் ஓர் உதாரணமே இருக்கிறது. இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் மோசமான ரெஃபரன்ஸ் உள்ளே வந்துவிடுகிறது. அடுத்த வேலை கிடைக்காமல் போகும் என்று தெரிந்தால் யார் புகார் கொடுப்பார்கள்?

இன்னும் ஒரு படி மேலே போன தீர்ப்புகள் உண்டு. அமெரிக்கக் கடற்படையில் வேலை பார்த்த ஒரு பெண்ணைப் பற்றி அவருடைய மேலதிகாரி வேறு இடத்தில் மோசமாகச் சொன்னார். ரெஃபரன்ஸ் நன்றாக இருந்திருந்தாலும் அந்த வேலை அவருக்குக் கிடைத்திருக்காது என்று விசாரணையில் தெரிந்தது. அப்படியும், பழிவாங்குகிற எண்ணத்தோடு அந்த ரெஃபரன்ஸைக் கொடுத்ததே சட்ட மீறல் என்று ஒன்பதாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் 1997-இல் சொன்னது. வேலை போனதா இல்லையா என்பது இழப்பீட்டுத் தொகையைப் பாதிக்கும், குற்றம் குற்றம்தான். அதற்கும் இருபது ஆண்டு முன்னால், 1977-இல், ஒரு வங்கி தன் பழைய ஊழியையைப் பற்றி விசாரித்த கம்பெனியிடம் "அவர் எங்கள் மீது பாகுபாட்டுப் புகார் கொடுத்திருக்கிறார்" என்று மட்டும் சொன்னது. அதில் பொய் எதுவும் இல்லை, உண்மைத் தகவல்தான். அதுவும் பழிவாங்கல் என்று பத்தாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நான் உண்மையைத்தானே சொன்னேன் என்று தப்பிக்க நினைக்கிற மேனேஜர்கள் இந்த வழக்கைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும்.

பேசாமல் இருப்பதும் பழிவாங்கலா? இங்கேதான் பிரிட்டன் வருகிறது. கிரனாடா ஹாஸ்பிடாலிட்டி என்ற நிறுவனத்தில் 1993 வரை வேலை பார்த்த கூட் என்ற பெண், கர்ப்பமானதால் தன்னை வேலையிலிருந்து நீக்கினார்கள் என்று வழக்குப் போட்டார். அது சமரசத்தில் முடிந்தது. பிறகு வேலை தேடும்போது, வேலைவாய்ப்பு ஏஜென்சிகளுக்கு அந்த நிறுவனம் ரெஃபரன்ஸ் கொடுக்கவே இல்லை. நன்றாகவும் சொல்லவில்லை, மோசமாகவும் சொல்லவில்லை, கடிதமே வரவில்லை. லக்ஸம்பர்க்கில் உள்ள ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் (பிரிட்டன் அப்போது ஒன்றியத்தில் இருந்தது) 1998 செப்டம்பரில், வேலை முடிந்த பிறகு நடக்கிற இப்படிப்பட்ட பழிவாங்கலிலிருந்தும் பாதுகாப்புத் தர வேண்டியது உறுப்பு நாடுகளின் கடமை என்று தீர்ப்பளித்தது. ராபின்சன் வழக்கில் வாஷிங்டனில் சொன்னதையேதான் லக்ஸம்பர்க்கில் இன்னொரு வழியாக வந்து சொன்னார்கள்: இந்தப் பாதுகாப்பு இல்லையென்றால், நீதிமன்றத்துக்குப் போகிற உரிமையே வெறும் காகிதம்.

ஆனால் பிரிட்டனிலேயே மூன்று ஆண்டு கழித்து எதிர்த்திசையில் ஒரு தீர்ப்பு வந்தது, அதையும் சொல்லாமல் விடக் கூடாது. வெஸ்ட் யார்க்‌ஷயர் காவல்துறையில் கான் என்ற சார்ஜென்ட், இனப் பாகுபாடு காரணமாகப் பதவி உயர்வு தரவில்லை என்று வழக்குப் போட்டிருந்தார். வழக்கு நடக்கும்போதே வேறு மாவட்டக் காவல்துறைக்கு விண்ணப்பித்தார். தலைமை அதிகாரி, வழக்கு நிலுவையில் இருப்பதால் ரெஃபரன்ஸ் தர முடியாது என்று சட்ட ஆலோசனையின் பேரில் மறுத்தார். 2001-இல் பிரபுக்கள் சபை (அப்போது பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் அதுதான்), இது பழிவாங்கல் இல்லை, நடக்கிற வழக்கில் தன் நிலையைக் காத்துக்கொள்ள நேர்மையாக எடுத்த முடிவு என்று சொல்லிவிட்டது. எனக்கு இதில் உடன்பாடில்லை. வழக்குப் போட்டவருக்கு வழக்கு முடியும்வரை ரெஃபரன்ஸ் இல்லை என்றால், வழக்குகள் ஆண்டுக்கணக்கில் இழுக்கிற ஊரில் அதன் அர்த்தம் என்ன என்று அந்த ஐந்து பிரபுக்கள் யோசித்திருக்கலாம்.

இவ்வளவு தீர்ப்புகள் இருந்தும் நிஜத்தில் இப்படி வழக்குப் போட்டு ஜெயிப்பது ஏன் கடினம்? சட்டப்படி பாதிக்கப்பட்டவர் மூன்று விஷயங்களை நிரூபிக்க வேண்டும். அவர் செய்தது சட்டம் காப்பாற்றுகிற ஒரு செயல். அதற்குப் பிறகு அவருக்குக் கெடுதல் நடந்தது. முதலாவதுதான் இரண்டாவதற்குக் காரணம். முதல் இரண்டை எப்படியாவது காட்டிவிடலாம். மூன்றாவதில்தான் பலருக்கும் சீட்டுக் கிழிகிறது.

இதில் பெரிய அடி 2013-இல் விழுந்தது. டல்லாஸ் நகரில் டெக்ஸஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் பேராசிரியராகவும், அதோடு இணைந்த மருத்துவமனையில் மருத்துவராகவும் இருந்த நாஸர் என்பவர், மத்திய கிழக்குப் பின்னணி உள்ளவர் என்பதால் தன் மேலதிகாரி தன்னைக் கேவலமாக நடத்துகிறார் என்று சொன்னார். கல்லூரியை விட்டுவிட்டு மருத்துவமனையில் மட்டும் வேலை பார்க்கலாம் என்று பேசி முடித்து, மருத்துவமனையும் சரி என்றது. ராஜினாமாக் கடிதத்தில் காரணத்தை வெளிப்படையாக எழுதினார். துறைத் தலைவர் அதைப் பார்த்துக் கொதித்துப்போனார், என் சக அதிகாரியின் பெயரை இப்படிக் கெடுத்துவிட்டாரே என்று. மருத்துவமனை அவரை எடுக்கக் கூடாது என்று எதிர்ப்புத் தெரிவித்தார். மருத்துவமனை கொடுத்த வேலையைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. ஜூரி நாஸருக்குச் சாதகமாகச் சொன்னது, 30 லட்சம் டாலருக்கு மேல் இழப்பீடும் தந்தது. சட்டத்தில் உச்சவரம்பு இருப்பதால் அந்த இழப்பீடு 3 லட்சம் டாலராகச் சுருங்கியது தனிக் கதை.

உச்ச நீதிமன்றத்தில் 5-க்கு 4 என்ற கணக்கில் அவர் தோற்றார். பாகுபாட்டு வழக்கில் இனமோ பாலோ ஒரு காரணமாக இருந்தது என்று காட்டினால் போதும், ஆனால் பழிவாங்கல் வழக்கில் அப்படி இல்லை, புகார் கொடுத்திராவிட்டால் இந்தக் கெடுதல் நடந்தே இருக்காது என்று நிரூபிக்க வேண்டும் என்றது பெரும்பான்மை. படிப்பதற்குச் சின்ன வித்தியாசம் மாதிரி இருக்கும். நிஜத்தில் மேனேஜர்கள் கையில் இன்னொரு காரணம் எப்போதும் இருக்கும். நாஸர் வழக்கிலேயே, மருத்துவமனையில் வேலை பார்ப்பவர்கள் கல்லூரிப் பேராசிரியர்களாகவும் இருக்க வேண்டும் என்ற ஒப்பந்தத்தைத்தான் காட்டினோம் என்றார்கள். ரெஃபரன்ஸ் விஷயத்தில் அது இன்னும் எளிது. "குழுவோடு ஒத்துப்போவதில் சிரமம் இருந்தது" என்று சொன்னால் போதும். புகார் கொடுத்த எவரைப் பற்றியும் இதைச் சொல்லிவிட முடியும், யாரும் பொய் என்று காட்டவும் முடியாது.

காலக்கணக்கும் பாதிக்கப்பட்டவருக்கு எதிராகத்தான் நிற்கிறது. புகாருக்கும் கெடுதலுக்கும் இடையே இடைவெளி குறைவாக இருந்தால் அதையே ஆதாரமாகக் காட்டலாம், ஆனால் ரொம்பக் குறைவாக இருக்க வேண்டும் என்று 2001-இல் ஒரு நெவாடா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதில் இருந்த 20 மாத இடைவெளி எதையும் நிரூபிக்காது என்று ஒதுக்கிவிட்டது. ரெஃபரன்ஸ் அழைப்போ புகார் கொடுத்து ஒன்றரை ஆண்டு, இரண்டு ஆண்டு கழித்துத்தான் வரும். அதற்கு முன்னால் மேனேஜருக்குப் பழிவாங்க வாய்ப்பே வரவில்லை, கிடைத்த முதல் வாய்ப்பிலேயே செய்துவிட்டார் என்று வாதாட வேண்டியிருக்கும். ஒரே ஆறுதல், ஒவ்வொரு மோசமான ரெஃபரன்ஸும் தனிச் செயல், அதற்கென்று தனிக் கெடு உண்டு: நடந்த நாளிலிருந்து 180 நாள், மாநிலத்தில் இதற்கென்று அமைப்பு இருந்தால் 300 நாள். அதற்குள் ஈஈஓசிக்குப் போக வேண்டும்.

பெரிய நிறுவனங்கள் இதிலிருந்து தப்பிக்க ஒரு வழக்கத்தைக் கொண்டுவந்திருக்கின்றன. எச்.ஆர். மட்டும்தான் பேசும், அதுவும் எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை, என்ன பதவி என்பதை மட்டும் சொல்லும். நியூட்ரல் ரெஃபரன்ஸ் என்பார்கள். காகிதத்தில் நல்ல ஏற்பாடு. ஆனால் வேலைக்கு எடுக்கிற மேனேஜர் எச்.ஆருக்கு மட்டுமா ஃபோன் செய்கிறார்? லிங்க்ட்இன்னில் பார்த்து, இரண்டு பேருக்கும் தெரிந்த ஒருவரைப் பிடித்து, "ஆள் எப்படி?" என்று கேட்டுவிடுகிறார். அந்தப் பேச்சு எந்தப் பதிவிலும் இருக்காது. பிரிட்டனில் உங்களைப் பற்றி ஒரு நிறுவனம் வைத்திருக்கிற தகவலைக் கேட்டு வாங்க உரிமை உண்டு, ஆனால் ரகசியமாகக் கொடுக்கப்பட்ட ரெஃபரன்ஸுக்கு அந்த உரிமையிலிருந்து 2018-இன் தரவுப் பாதுகாப்புச் சட்டமே விலக்குத் தந்துவிட்டது.

இதில் மாட்டிக்கொண்டவர்களிடம் நான் எப்போதும் முதலில் கேட்பது, புகாரில் என்ன எழுதினீர்கள் என்றுதான். "என் மேனேஜர் என்னிடம் கத்துகிறார், நியாயமில்லாமல் நடந்துகொள்கிறார்" என்று எழுதியிருந்தால் சட்டம் அதைப் பாகுபாட்டுப் புகாராகவே எடுத்துக்கொள்ளாது, அதற்காகப் பழிவாங்கினாலும் 704-ஆவது பிரிவு உதவிக்கு வராது. இனம் என்றோ மதம் என்றோ பெண் என்பதால் என்றோ காரணத்தை எழுத்தில், தேதியோடு சொல்லியிருக்க வேண்டும். அதே நேரம், அந்தப் புகார் ஜெயிக்க வேண்டிய அவசியமில்லை. பாகுபாடு நடந்ததாக நேர்மையாக, நியாயமான காரணத்தோடு நம்பியிருந்தால் போதும், அசல் புகார் நிரூபணமாகாமல் போனாலும் பழிவாங்கல் வழக்கு நிற்கும். இது பலருக்குத் தெரியாது. "என் புகாரைத்தான் ஆதாரமில்லை என்று மூடிவிட்டார்களே" என்று சொல்லிவிட்டு அதற்குப் பிறகு நடந்த அத்தனை அநியாயத்தையும் வாயை மூடிக்கொண்டு தாங்கிக்கொள்கிறார்கள்.

அப்புறம், புகாருக்கு முன்னால் வந்த பணி மதிப்பீடுகள். நான்கு ஆண்டாக "எதிர்பார்ப்புக்கு மேல்" என்று வந்துகொண்டிருந்தது புகாருக்கு அடுத்த சுற்றில் திடீரென்று "முன்னேற்றம் தேவை" என்று மாறினால், அந்த இரண்டு காகிதமும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தாலே பாதிக் கதையைச் சொல்லிவிடும். உங்களுக்கு என்று கொடுக்கப்பட்ட மதிப்பீட்டுக் கடிதங்களைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், கம்பெனியின் ரகசியக் கோப்புகளை அள்ளிக்கொண்டு வராதீர்கள், அது உங்கள் மீதே திரும்பும். சமரசத்தில் முடிக்கிறீர்கள் என்றால், ரெஃபரன்ஸில் என்ன சொல்லப்படும், யார் சொல்வார் என்பதை வார்த்தை வார்த்தையாக ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். அமெரிக்காவில் உங்கள் சார்பாகப் பழைய கம்பெனிக்கு ஃபோன் செய்து என்ன சொல்கிறார்கள் என்று எழுத்தில் தருகிற நிறுவனங்கள் இருக்கின்றன, வழக்கறிஞர்கள் அதைப் பயன்படுத்துகிறார்கள். நீங்களே நண்பரை விட்டு ஃபோன் செய்யச் சொல்லி ரகசியமாகப் பதிவு செய்துவிடாதீர்கள். கலிஃபோர்னியா மாதிரி மாநிலங்களில் பேசுகிற எல்லோரும் சம்மதிக்காமல் பதிவு செய்வது குற்றம். அதே கலிஃபோர்னியாவில், பொய் சொல்லி முன்னாள் ஊழியருக்கு வேலை கிடைக்காமல் செய்தால் அதுவும் குற்றம், மூன்று மடங்கு நஷ்டஈடு கேட்கலாம் என்று மாநிலத் தொழிலாளர் சட்டத்தில் இருக்கிறது.

எச்-1பி விசாவில், அதாவது ஒரு கம்பெனி மனுப் போட்டு வாங்கித் தருகிற அமெரிக்க வேலை விசாவில், இருக்கிற நம் ஆட்களுக்கு இது எல்லாமே இரண்டு மடங்கு கனம். வேலை போன நாளிலிருந்து 60 நாள் அவகாசம், அதற்குள் இன்னொரு கம்பெனி விசா மனுப் போட வேண்டும். ஒரே ஒரு ரெஃபரன்ஸ் சொதப்பினால் போதும், பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து நிறுத்தி, வாடகை ஒப்பந்தத்தை முறித்து, மூட்டை கட்டிக்கொண்டு ஊருக்கு வர வேண்டும். 180 நாள் கெடு அவர்களுக்கு இருந்து என்ன பயன், அதற்குள் அவர்கள் நாட்டிலேயே இருக்க மாட்டார்களே. 2020-இல் கலிஃபோர்னியா மாநில அமைப்பு சிஸ்கோ நிறுவனத்தின் மீது போட்ட வழக்கை நம்மில் பலர் கவனித்தோம். தலித் பொறியாளர் ஒருவரை இந்தியாவிலிருந்து வந்த மேலதிகாரிகளே சாதி பார்த்து நடத்தினார்கள் என்பதோடு நிற்கவில்லை அந்த மனு, புகார் கொடுத்த பிறகு அவரைப் பழிவாங்கினார்கள் என்பதும் அதில் தனிக் குற்றச்சாட்டாக இருந்தது. நிறுவனம் மறுத்தது, 2023 ஏப்ரலில் இரண்டு தனிநபர்கள் மீதான வழக்கை அந்த அமைப்பே திரும்பப் பெற்றது. என்றாலும் அமெரிக்கத் தமிழர்கள் வாட்ஸாப் குழுக்களில் பேசிக்கொண்டது சாதி பற்றி மட்டும்தான், பழிவாங்கல் பகுதியை யாரும் கண்டுகொள்ளவே இல்லை. எனக்கு அது வருத்தம்.

இந்தியாவில் நிலைமை வேறு. தனியார் துறையில் எல்லா வகைப் பாகுபாட்டையும் சேர்த்துத் தடுத்து, புகார் கொடுத்தவரைப் பழிவாங்குவதையும் தனித் தவறாகச் சொல்கிற ஒரு பொதுச் சட்டமே கிடையாது. இங்கே ஆயுதம் ஃபோன் காலைவிட ரிலீவிங் லெட்டர்தான், அதாவது முறையாக வேலையை விட்டுப் போனார் என்று பழைய கம்பெனி தருகிற கடிதம். அதைத் தராமல் இழுத்தடிப்பது, பேக்ரவுண்ட் வெரிஃபிகேஷன் கேட்டு வரும்போது "ஆப்ஸ்கான்டிங்" (சொல்லாமல் கொள்ளாமல் ஓடிப்போனவர்) என்று ஒரு சொல்லைப் போட்டுவிடுவது. சென்னையில் ஓ.எம்.ஆர். பக்கம் வேலை பார்க்கிற யாரைக் கேட்டாலும் அந்தச் சொல்லுக்கு நடுங்குவார்கள்.

அரசுத் துறையில் ஆயுதம் டிரான்ஸ்ஃபர். பஞ்சாப் அண்ட் சிந்த் வங்கியின் இந்தூர் கிளையில் இருந்த ஒரு பெண் மேலாளர், கிளையில் நடந்த முறைகேடுகளை எழுதினார், மண்டல மேலாளர் பாலியல் தொல்லை தருகிறார் என்றும் புகார் சொன்னார். அவரை ஜபல்பூர் மாவட்டத்தில், அவருடைய பதவிக்குக் கீழான அதிகாரிகளை நியமிக்கிற ஒரு கிளைக்கு மாற்றினார்கள். அந்த மாற்றலை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது; 2020 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்து, இது பழிவாங்கல்தான் என்று சொல்லி, ஓராண்டு இந்தூரிலேயே பணியில் வைக்க உத்தரவிட்டு, வங்கி 50,000 ரூபாய் செலவுத்தொகை தர வேண்டும் என்றது.

பணியிடப் பாலியல் தொல்லைத் தடுப்புச் சட்டம், 2013-இல் வந்தது, அதன் விதிகளில் எட்டாவது விதி ஒன்று இருக்கிறது. விசாரணை நடக்கும் காலத்தில், புகாருக்கு ஆளானவர் அந்தப் பெண்ணின் பணியை மதிப்பிடக் கூடாது, அவருடைய ரகசிய அறிக்கையை எழுதக் கூடாது, அந்த வேலையை வேறொரு அதிகாரியிடம் கொடுக்க வேண்டும் என்று புகார்க் குழு பரிந்துரைக்கலாம். நாளைக்கு வரப்போகிற ரெஃபரன்ஸுக்கு அடித்தளமே அந்த மதிப்பீடுதான் என்பதால் இந்த விதி சின்னதாகத் தெரிந்தாலும் கனமானது. ஆனால் குழு தானாக இதைச் செய்ய வேண்டியதில்லை. அந்தப் பெண் எழுத்து மூலம் கேட்க வேண்டும். புகார் கொடுக்கப் போகிறவர் யாராவது இதைப் படித்துக்கொண்டிருந்தால், புகார் மனுவோடு அந்த ஒரு பக்கக் கோரிக்கையையும் சேர்த்தே கொடுத்துவிடுங்கள், இரண்டிலும் பெற்றுக்கொண்டதற்குத் தேதியோடு கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.